ஊசிக்கு மாறினால் வருத்தம் முற்றிவிட்டதா?

கேள்வி: எனக்கு வயது 48. முடக்குவாதத்துக்கு நாலு வருடமாக மெதோட்ரெக்சேட் குளிசை எடுக்கிறேன். இப்போது கிழமைக்கு 20 மில்லிகிராம், அதாவது 2.5 மில்லிகிராம் குளிசை எட்டு, வெள்ளி இரவில். சனிக்கிழமை முழுக்க ஓங்காளம், தேத்தண்ணி மணமே பிடிக்காது. விரல் மூட்டு வீக்கமும் வற்றவில்லை. போன கிளினிக்கில் டொக்டர் "ஊசிக்கு மாறிப் பார்ப்போமா" என்றார். பக்கத்து வீட்டு அக்கா, ஊசி என்றால் வருத்தம் முற்றிவிட்டது என்கிறார். டொரன்டோ மச்சாள் இரண்டு கிழமைக்கு ஒருதரம் ஊசி போட்டு நல்ல சுகமாம், அதையே கேள் என்கிறாள். ஊசி போட்டுவிட மகள் இருக்கிறாள், அவளுக்கு இப்போது நாலாம் மாதம். என்ன செய்யட்டும்?
- வெள்ளவத்தை வாசகி

பதில்: முதலில் பக்கத்து வீட்டு அக்காவின் கதையை ஒருபக்கம் வைப்போம். உங்கள் டொக்டர் மருந்தை மாற்றச் சொல்லவில்லை. அதே மெதோட்ரெக்சேட்தான், உள்ளே போகும் வழிதான் வேறு. நம்மவர்களுக்கு ஊசி என்றாலே ஒன்றில் "பெரிய வருத்தம்", இல்லாவிட்டால் "உடனே சுகம்". இங்கே இரண்டுமே இல்லை.

விஷயம் குடலில் இருக்கிறது. குளிசையாக விழுங்கும் மெதோட்ரெக்சேட்டைக் குடல் ஓரளவுக்குத்தான் உறிஞ்சும். காலை எட்டு மணிக்கு காலி வீதி பஸ்ஸில் படிவரை ஆள் நிறைந்த பிறகு, ஹோல்ட்டில் இன்னும் இருபது பேர் நின்றாலும் ஏற்ற முடியாதல்லவா? அதுபோலத்தான். கிழமைக்கு 15 மில்லிகிராமைத் தாண்டினால், கூட்டும் குளிசைகளில் கணிசமான பங்கு இரத்தத்துக்கே போய்ச் சேராது. இது ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும். தோலுக்கு அடியில் போடும் ஊசிக்கு இந்த நெரிசல் கிடையாது. அளவைக் கூட்டினால் இரத்தத்தில் சேருவதும் அதற்கேற்பக் கூடும். நீங்கள் 20இல் நிற்கிறீர்கள், வீக்கமும் வற்றவில்லை. டொக்டர் ஊசியைப் பற்றிக் கதைத்ததற்குக் காரணம் அனேகமாக இதுதான்.

எவ்வளவு வித்தியாசம் தெரியும்? ஜேர்மனியில் புதிதாக இந்த மருந்தைத் தொடங்கிய 384 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்து 2008இல் வெளியிட்டார்கள். 24 கிழமைக்குப் பிறகு, மூட்டு நிலை குறைந்தது 20 சதவீதமாவது தேறியவர்கள் ஊசிக் குழுவில் 78 சதவீதம், குளிசைக் குழுவில் 70 சதவீதம். அதுவும் இரு குழுவும் 15 மில்லிகிராமில் தொடங்கியது. ஆகவே ஊசி ஓரளவு முன்னுக்கு நிற்கிறது, அவ்வளவுதான். குளிசையிலேயே சுகம் கிடைக்கிற ஆளுக்கு ஊசிக்கு ஓட வேண்டிய தேவையே இல்லை. உங்களுக்கு அது போதிய அளவு வேலை செய்யவில்லை என்பதால்தான் இந்தக் கதையே.

இனி சனிக்கிழமை ஓங்காளம். ஊசிக்கு மாறிய பலருக்கு இது குறைகிறது, ஆனால் எல்லோருக்கும் அல்ல. சிலருக்கு ஊசி போட்ட மறுநாளும் தலை கனத்து வயிற்றைப் பிரட்டும். மாறுவதற்கு முன் டொக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, மெதோட்ரெக்சேட்டோடு சேர்த்துக் கொடுக்கும் ஃபோலிக் அசிட் என்ற விற்றமின். நீங்கள் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை! எடுக்கிறீர்கள்தானே? அதன் அளவைச் சரிப்படுத்தினாலே சிலருக்கு வயிறு அடங்கிவிடும். மற்றது, எட்டுக் குளிசையையும் ஒரே தடவையில் விழுங்காமல், அதே நாளில் காலை நாலு, இரவு நாலு என்று பிரிக்கலாமா என்பது. குடல் நெரிசலுக்கும் அது கொஞ்சம் உதவும். டொக்டர் சொல்லாமல் நீங்களாகப் பிரிக்க வேண்டாம்.

ஊசி ஈரலைத் தொடாது என்றும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது பிழை. எந்த வழியால் போனாலும் மருந்து இரத்தத்தில்தான் சுற்றும், ஈரலுக்கும் போகும். இரத்த எண்ணிக்கை, ஈரல், சிறுநீரகப் பரிசோதனைகள் எல்லாம் முன்போலவே தொடரும்.

மச்சாள் விஷயத்துக்கு வருவோம். மெதோட்ரெக்சேட் கிழமைக்கு ஒருதரம் போடுவது. இரண்டு கிழமைக்கு ஒருதரம் என்றால் அவர் போடுவது அனேகமாக அடலிமுமாப் போன்ற, உயிரணுக்களைக் கொண்டு தயாரிக்கும் உயிரியல் மருந்தாக இருக்கும். அது வேறு குடும்பம். அதைத் தொடங்க முன் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், ஊசியை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 பாகை வரையான குளிரில் வைக்க வேண்டும், விலையும் வேறு உலகம். பொதுவாக மெதோட்ரெக்சேட்டைச் சரியாகப் பாவித்தும் போதாமல் போனால்தான் அந்தப் படிக்கு ஏறுவார்கள். அந்தக் கட்டத்திலும் டோஃபாசிடினிப் என்று ஒரு குளிசை இருக்கிறது. ஆகவே ஊசி மேல்படி, குளிசை கீழ்ப்படி என்ற கணக்கு அங்கேயும் உதவாது. (டோஃபாசிடினிப்புக்கு இருதயம், இரத்தக் கட்டி பற்றிய எச்சரிக்கைகள் உண்டு. மச்சாள் அதைப் பற்றியும் போனில் சொல்லத் தொடங்கினால் நினைவில் வையுங்கள்.)

ஊசி போடுவது நினைப்பதைவிட லேசு. இன்சுலின் ஊசிபோல மெல்லிசு, ஒரு மில்லிலீட்டருக்கும் குறைவான மஞ்சள் திரவம், தொடையிலோ தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டு வயிற்றிலோ போடலாம். வீங்கிய விரலால் குப்பியிலிருந்து இழுத்தெடுப்பதுதான் கஷ்டம். மருந்து நிரப்பியே வரும் ஊசி கிடைக்குமா என்று கேளுங்கள். ஆனால் மகள் மட்டும் வேண்டாம். இந்த மருந்து கருவில் இருக்கும் பிள்ளைக்குக் கூடாது. கர்ப்பமாக இருப்பவர் அந்தக் குப்பியையோ, சிந்திய துளியையோ, பாவித்த ஊசியையோ தொடவே கூடாது. கணவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் நேர்ஸிடம் பழகச் சொல்லுங்கள். பாவித்த ஊசியை மாநகரசபைக் குப்பையில் எறியாமல், மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் போத்தலில் சேர்த்துக் கிளினிக்கில் கொடுத்துவிடுங்கள்.

கொழும்பில் இருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். காய்ச்சல் வந்தால் அந்தக் கிழமை மருந்தைப் போட முன் டொக்டரிடம் கேளுங்கள், குளிசையோ ஊசியோ. டெங்குவாக இருந்தால் பிளேட்லெட் விழும், இந்த மருந்தும் அதைக் குறைக்கக்கூடியது. மூட்டுவலிக்கு வீட்டில் இருக்கும் டைக்ளோஃபெனாக்கைக் காய்ச்சலுக்குப் போட்டுவிடாதீர்கள், பரசிட்டமோல் மட்டும் போதும். வேறு டொக்டரிடம் காட்டினால் மெதோட்ரெக்சேட் எடுப்பதாக முதலிலேயே சொல்லுங்கள். சிறுநீர்க் கடுப்புக்குக் கொடுக்கும் கோட்ரைமொக்சசோல் இதோடு சேர்ந்தால் ஆபத்து.

நான் மருந்துக் கடைக் கவுண்டரில் நின்ற காலத்தில் ஒரு பெரியவர் வந்தார். ஒரு மாதத்துக்கான குளிசை சில நாளிலேயே முடிந்துவிட்டது, இன்னும் தாருங்கள் என்றார். வாய் முழுக்கப் புண். உறையில் "கிழமைக்கு ஒருதரம்" என்று சிங்களத்தில் எழுதியிருந்தது, அவருக்கு வாசிக்கத் தெரியாது, தினமும் விழுங்கியிருக்கிறார். அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், பிழைத்துவிட்டார். அதனால் ஊசிக்கு மாறுவது என்று முடிவானால், கிழமையையும் அளவையும் கிளினிக் கொப்பியில் தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். தயங்க வேண்டாம். முதல் ஊசி போட முன், அலுமாரியில் மிச்சமிருக்கும் குளிசை அட்டைகளை எல்லாம் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாலு வருடப் பழக்கம், வெள்ளி இரவு கை தானாக அந்த அட்டையைத் தேடும்.