வரலாற்றில் மிக அதிக உயிர்களைப் பறித்த டொர்னாடோ (மேகத்திலிருந்து தரை வரை நீளும் கடும் சுழல்காற்று) எது? அது ஏற்படுத்திய சேதம் எத்தகையது?

டொர்னாடோ என்றதும் பலருக்கும் அமெரிக்காவே நினைவுக்கு வரும். ஆனால் இக்கேள்விக்கான விடை வங்காளதேசத்தில் இருக்கிறது. 1989 ஏப்ரல் 26 அன்று மாலை, மாணிக்கஞ்ச் மாவட்டத்தின் தௌலத்பூர், சாட்டூரியா பகுதிகளைச் சூறையாடிய டொர்னாடோவில் ஏறத்தாழ 1,300 பேர் இறந்ததாகவும், சுமார் 80,000 பேர் வீடிழந்ததாகவும் மதிப்பிடப்படுகிறது. தகரக் கூரையும் மெலிந்த சுவர்களுமாக இருந்த வீடுகள் அந்தக் காற்றுக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. இத்தகைய காற்றில் பிய்ந்து பறக்கும் தகரமே ஆளை வெட்டிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

அமெரிக்காவில் மிகக் கொடியது 1925 மார்ச் 18 அன்று வீசியது. மிசூரியில் தொடங்கி, இல்லினாய் மாநிலத்தைக் கடந்து, இந்தியானாவில் ஓய்ந்த அது, சுமார் 350 கிலோமீட்டர் தொலைவை மூன்றரை மணி நேரத்தில் கடந்து 695 பேரைக் கொன்றது. மர்ஃபிஸ்பரோ நகரில் மட்டும் 234 பேர் மாண்டனர். டி சோட்டோவில் பள்ளிக் கட்டடம் இடிந்து 33 பேர் இறந்தனர். தும்பிக்கை போல் தொங்கும் வழக்கமான உருவம் பல இடங்களில் தென்படாமல், தரையோடு புரண்டு வரும் கருமேகமாகவே அது தோன்றியதால், வருவது இன்னதென்று பலர் உணர்வதற்குள் வீடு சரிந்துவிட்டது. மக்கள் பீதியடைவார்கள் என்று அஞ்சி, டொர்னாடோவை முன்னறிவிப்பதையே அந்நாட்டு வானிலைத் துறை அக்காலத்தில் தவிர்த்து வந்தது. என் பார்வையில், அன்றைய உயிரிழப்பில் காற்றுக்கு உள்ள பங்குக்குச் சற்றும் குறையாத பங்கு இந்த மௌனத்துக்கும் உண்டு.

1948 மார்ச் மாதம் ஓக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தை ஒரு டொர்னாடோ தாக்கியது. ஐந்தே நாளில், அங்கிருந்த இரு வானிலை அதிகாரிகள் மறுபடியும் ஒன்று வரக்கூடும் என்று எச்சரிக்க, அவ்வாறே அதே தளத்தில் வீசியது. முன்னறிவிப்பு சாத்தியமே என்பதை மெய்ப்பித்த நிகழ்வு அது. 1999 மே 3 அன்று ஓக்லஹோமா சிட்டியையும் மூர் நகரையும் தாக்கிய டொர்னாடோவில் சுழன்ற காற்றின் வேகம் மணிக்கு 480 கிலோமீட்டரைத் தாண்டியதாக ரேடார் காட்டியது; ஆயிரக்கணக்கான வீடுகள் சிதைந்தும், நேரடியாக இறந்தவர்கள் 36 பேர்தான்.

எச்சரிக்கை இருந்தாலே போதும் என்றும் கூறிவிட முடியாது. 2011 மே 22 அன்று மிசூரியின் ஜோப்ளின் நகரில் அபாயச் சங்கு முன்கூட்டியே ஒலித்தது. எனினும், அடிக்கடி கேட்டுப் பழகிய ஒலி என்பதால் பலர் உடனே பதுங்காமல், உண்மைதானா என்று வேறு வழிகளில் உறுதிசெய்து கொள்ளக் காத்திருந்தனர் என்பது பின்னர் நடந்த ஆய்வில் தெரியவந்தது. அங்கு உயிரிழந்தோர் சுமார் 160 பேர்.