சீசன் இல்லாத நேரத்தில் கடலுக்கு: வாசகர் கேள்விகள், பதில்கள்

கேள்வி: கூட்டம் இல்லாத நேரத்தில் மத்திய தரைக்கடல் பக்கம் ஒரு வாரம் போய் வரலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். கோடைக்கு முன்னால் ஏப்ரலில் போகலாம் என்கிறார் கணவர், கோடை முடிந்து அக்டோபரில் போகலாம் என்கிறேன் நான். இரண்டு மாதத்திலும் வெயில் ஏறக்குறைய ஒன்றுதான் என்கிறார். எப்போது போனால் என்ன?

பதில்: அக்டோபரில் போங்கள், சந்தேகமே வேண்டாம். உங்கள் கணவர் பார்த்தது காற்றின் வெப்பநிலை, ஆனால் நீங்கள் கால் நனைக்கப் போவது கடலில். தண்ணீர் மெதுவாகச் சூடேறி மெதுவாகத்தான் ஆறும். அதனால் பூமியின் வட பாதியில் கடல் மிகவும் வெதுவெதுப்பாக இருப்பது கோடையின் உச்சியில் அல்ல, அது கழிந்து ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும். மிகவும் குளிர்ந்து கிடப்பது பிப்ரவரி, மார்ச்சில். கிரீஸின் கிரீட் தீவை எடுத்துக்கொண்டால் அக்டோபரில் கடல் நீர் சுமார் 23 டிகிரி இருக்கும், ஏப்ரலில் 16, 17 டிகிரிதான். முதலாவதில் ஆசை தீரக் குளிக்கலாம், இரண்டாவதில் முழங்கால் நனைந்ததுமே பிள்ளைகள் கரைக்கு ஓடி வந்துவிடுவார்கள். தென் பாதி நாடுகளுக்குப் போவதானால் இந்தக் கணக்கை ஆறு மாதம் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். ஏப்ரலுக்கும் ஒரு நியாயம் உண்டு, பகல் நீளமாக இருக்கும், மலைச்சரிவெல்லாம் பூத்திருக்கும். நடக்கவும் சுற்றிப் பார்க்கவும் மட்டும் என்றால் தாராளமாக ஏப்ரலில் போகலாம்.

கேள்வி: படத்தில் பார்த்த அகலமான மணல் கடற்கரையை நம்பிக் குளிர்காலத்தில் போனால் பாதி மணலைக் காணோம், கல்லும் பாறையுமாகக் கிடக்கிறது. அந்தக் கடற்கரை அழிந்துவிட்டதா?

பதில்: பெரும்பாலும் அழிந்திருக்காது. புயல் காலத்து உயரமான, செங்குத்தான அலைகள் கரை மணலை அரித்துக்கொண்டு போய்ச் சற்றுத் தள்ளிக் கடலுக்குள்ளேயே மேடாகக் குவித்து வைக்கும். அந்த மேட்டில் மோதி அலைகள் முன்கூட்டியே உடைந்துவிடுவதால் கரைக்கு அதுவே ஒரு காப்பு. அமைதியான மாதங்களில் தாழ்ந்த அலைகள் அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குத் திருப்பிக் கொண்டுவரும். சுவர் கட்டியோ துறைமுகத் தடுப்பு போட்டோ மணலின் வழியை மறித்துவிட்ட இடங்களில்தான் போன மணல் திரும்பாமல் போகிறது, அது நிஜமாகவே கவலைப்பட வேண்டிய விஷயம்.

கேள்வி: என் மகனுக்கு வயது பதினெட்டு, நீச்சல் குளத்தில் நன்றாக நீந்துவான். சீசன் இல்லாத நேரத்தில் கடலில் இறங்க அனுமதிக்கலாமா?

பதில்: லைஃப்கார்டு இல்லாத கடற்கரையில் வேண்டாம். பல நாடுகளில் கோடை மாதங்களில் மட்டும்தான் அவர்கள் பணியில் இருப்பார்கள். அவர்கள் காவல் காக்கும் பகுதி என்று காட்டும் சிவப்பு-மஞ்சள் கொடி இல்லாவிட்டால், அங்கே உங்கள் மகனை யாரும் கவனித்துக்கொண்டிருக்கவில்லை என்று அர்த்தம்.

இரண்டு ஆபத்துகளை அவனிடம் உட்காரவைத்துச் சொல்லுங்கள். முதலாவது குளிர். நீர் 15 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது திடீரென்று குதித்தால் உடம்பு தானாகவே மூச்சை வாரி இழுக்கும். அந்த நொடியில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் என்ன நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை, எவ்வளவு பெரிய நீச்சல்காரருக்கும் இது பொதுதான். ஒன்றிரண்டு நிமிடத்தில் அந்த அதிர்ச்சி தணிந்துவிடும், அதுவரை நீந்த முயலாமல் மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்க வேண்டும்.

இரண்டாவது, கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துப் போகும் நீரோட்டம், ரிப் கரண்ட் என்பார்கள். கரைக்கு வந்த அலைநீர் திரும்பிப் போக ஒரு வழி வேண்டுமல்லவா, மணல் மேடுகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தில் அது ஆறுபோல் பாயும். இருபுறமும் அலை நுரைத்துக்கொண்டிருக்க நடுவில் ஓர் இடம் மட்டும் அமைதியாகத் தெரியும், விவரம் தெரியாதவர்கள் தேடிப்போய் இறங்குவதும் அங்கேதான். வேகம் கூடினால் நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் போகும், ஒலிம்பிக் நீச்சல் வீரராலும் எதிர்த்து நீந்த முடியாது. ஆனால் அது ஆளை அடியில் அமுக்காது, வெளியேதான் இழுத்துப் போகும். எதிர்த்துப் போராடிக் களைத்துப் போகிறவர்கள்தான் மூழ்குகிறார்கள். பதறாமல் மிதக்க வேண்டும், கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும், தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுவையைத் தாண்டிய பிறகு கரை நோக்கித் திரும்ப வேண்டும்.

கேள்வி: நாங்கள் இறங்கவே மாட்டோம், கரையில் நின்று பெரிய அலைகளைப் பார்ப்பதோடு சரி. அதில் ஆபத்து இல்லையே?

பதில்: இருக்கிறது. போர்ச்சுகலின் நசாரே கோடையில் குடும்பங்கள் வரும் கடற்கரை ஊர், குளிர்காலத்தில் அதே ஊருக்கு வெளியே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று அலைகளைக் குவித்து உயர்த்திவிடுகிறது, 2020 அக்டோபரில் அங்கே 26 மீட்டர் உயர அலையில் ஒருவர் பலகையில் சறுக்கி உலக சாதனை படைத்தார். பார்க்க ஆசை வருவது இயல்பு, ஆனால் மேட்டில் நின்று பாருங்கள். வானிலைச் செயலியில் அலையின் உயரத்தோடு இரண்டு அலைகளுக்கு நடுவே உள்ள நேரத்தையும் கவனியுங்கள். உயரம் ஒன்றாகவே இருந்தாலும் 6 நொடிக்கு ஒன்று வரும் அலையைவிட 15 நொடிக்கு ஒன்று வருவது மிகவும் வலுவானது, கரையில் வெகுதூரம் ஏறிவரும். நடுவில் பல நிமிடம் கடல் அடங்கியது போலவும் தெரியும். அதை நம்பி ஈரமான பாறையில் ஏறி நிற்காதீர்கள், கடலுக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காதீர்கள். மழைக்குப் பிறகு மண்சரிவு உள்ள குன்றின் அடியில் உட்காரவும் வேண்டாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் வழக்கத்தைவிட மேலே ஏறும், குன்றைச் சுற்றி மணலில் நடந்து போனவர்கள் திரும்பி வர வழியில்லாமல் மாட்டிக்கொள்வது அப்போதுதான் அதிகம்.

கேள்வி: பருவமழை பெய்யும் நாடுகளுக்கும் இதே கணக்குதானா?

பதில்: இல்லை, அங்கே வெயிலைவிடக் காற்றின் திசைதான் முக்கியம். இலங்கையைப் பாருங்கள், மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் தென்மேற்குக் கரையில் உள்ள ஹிக்கடுவ பக்கம் கடல் கொந்தளிக்கும்போது கிழக்கே திருகோணமலையில் கடல் அமைதியாக இருக்கும். டிசம்பர், ஜனவரியில் இது அப்படியே தலைகீழ். அதனால் ‘அந்த நாட்டில் இப்போது சீசன் இல்லை’ என்று யாராவது சொன்னால், எந்தக் கரையில் என்று கேளுங்கள்.

கேள்வி: கடையெல்லாம் மூடியிருந்தால் பொழுது போகுமா?

பதில்: போகும், ஆனால் முன்பதிவு செய்யும் முன் தங்குமிடத்துக்குப் போன் செய்து மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள்: அறையில் ஹீட்டர் வேலை செய்கிறதா, சமையலறை திறந்திருக்குமா, பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதா? ஆள் வராத மாதத்தில்தான் மராமத்து வைத்துக்கொள்வார்கள், காலை எட்டு மணிக்கே இடிக்கத் தொடங்கினால் நீங்கள் தேடி வந்த அமைதி போச்சு. மற்றபடி கடல் வற்றும் நேரம் பார்த்து இறங்கி நடந்தால் மற்ற நேரம் தண்ணீருக்குள் இருக்கும் பாறைக்குட்டைகளில் நண்டும் நட்சத்திர மீனும் பார்க்கலாம், புயலுக்கு மறுநாள் சங்கும் சிப்பியும் நிறைய ஒதுங்கும் (உயிருள்ளதை எடுக்காதீர்கள்). வடக்கிலிருந்து வலசை வரும் கரைப்பறவைகள் பல கடற்கரைகளில் குளிர்காலத்தில்தான் கூடும், பைனாகுலர் இருந்தால் கையோடு கொண்டு போங்கள், கிட்டே போய் விரட்ட வேண்டாம், அவை இரை தேடி உடம்பைத் தேற்றிக்கொள்ளும் நேரம் அது. அப்புறம், தீவுக்குப் போவதானால் திரும்பும் விமானத்துக்கு முன் ஒரு நாளைச் சும்மா விட்டு வையுங்கள், காற்று பலமாக இருந்தால் படகை நிறுத்திவிடுவார்கள்.