அப்பாவுக்கு டிடி (டெட்டனஸ் தடுப்பூசி) போடணுமா?

ப்ரோ, அப்பா கால்ல ஆணி குத்திடுச்சு, ஆணி துரு பிடிக்கல அதனால ஊசி வேணாம்னு அவர் சொல்றார்னு எழுதியிருக்கீங்க, ஆனா துருவுக்கும் டெட்டனஸுக்கும் (ரண ஜன்னி) நேரடி சம்பந்தமே இல்ல. அந்த கிருமியோட விதை மண்ணுலயும் சாணியிலயும்தான் கிடக்கும், காத்து போகாத ஆழமான குத்துக்காயம்தான் அதுக்கு சரியான இடம். மாட்டுத் தொழுவத்துல, அதுவும் வெறுங்கால்ல ஏறியிருக்கு, அப்புறம் என்ன யோசனை, இன்னிக்கே கூட்டிட்டு போங்க.

அவருக்கு 62 வயசுன்னா சின்ன வயசுல தடுப்பூசி போட்டிருக்க வாய்ப்பு கம்மி, நம்ம நாட்டுல அந்த திட்டமே 1978லதான் வந்துச்சு. அம்மாவுக்காச்சும் கர்ப்பத்துல போட்டிருப்பாங்க, ஆம்பளைங்களுக்கு அதுவும் கிடையாது. மூணு டோஸ் முழுசா போட்டவங்களுக்கு இந்த மாதிரி அழுக்குக் காயம்னா கடைசி ஊசி போட்டு 5 வருஷம் ஆகியிருந்தா மட்டும் ஒண்ணு போதும், சும்மா ஆறு மாசத்துக்கு ஒருதடவை போடறதெல்லாம் தேவையில்லாத பழக்கம். அப்பா மாதிரி எதுவும் ஞாபகம் இல்லாதவங்களுக்கு டிடி ஊசியோட இம்யூனோகுளோபுலினும் (ரெடிமேடா இருக்கிற எதிர்ப்பு மருந்து) சேத்து போடணும், ஏன்னா டிடி வேலை செய்ய நாளாகும், இம்யூனோகுளோபுலின் உடனே காப்பாத்தும். சின்ன ஆஸ்பத்திரில அது இல்லாம இருக்கலாம், போன் பண்ணி கேட்டுட்டு கிளம்புங்க.

காயத்துல வச்சிருக்கிற மஞ்சள் சுண்ணாம்பை கழுவிடுங்க, ஓடுற தண்ணில சோப்பு போட்டு. நாலு வாரம் கழிச்சு டிடி ரெண்டாவது டோஸ், அப்புறம் ஆறு மாசத்துக்கு மேல மூணாவது, அதையும் விட்டுடாதீங்க. அடுத்த மூணு வாரத்துல தாடை இறுகுது, முழுங்க முடியலன்னு சொன்னா நேரா பெரியாஸ்பத்திரி எமர்ஜென்சிதான்.