ஸ்மெல்லி ஏலக்காய்

கேள்வி: கம்பத்திலிருந்து தினமும் பஸ் ஏறி, குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடைக்கு வேலைக்குப் போகிறேன். தேக்கடி பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களிடம் தமிழ், மலையாளம் எதுவும் எடுபடாது. ஆங்கிலச் சொல்லின் கடைசியில் 'ஒய்' சேர்த்தால் பெயரடை ஆகிவிடும் என்று படித்ததை நம்பி, ஒரு வெளிநாட்டு அம்மாவிடம் 'வெரி ஸ்மெல்லி கார்டமம்' என்றேன். அந்தம்மா விழுந்து விழுந்து சிரித்தார். என்ன தப்பு, அக்கா?

பதில்: இலக்கணத்தில் தப்பே இல்லை. ரெயின் ரெய்னி ஆவதும் டஸ்ட் டஸ்டி ஆவதும் எப்படியோ, ஸ்மெல் ஸ்மெல்லி ஆவதும் அப்படித்தான், ஆனால் அதற்கு நாறுகிற என்று அர்த்தமாகிவிட்டது. நம்ம 'நாற்றம்' கூட ஒரு காலத்தில் நறுமணம்தானே, இன்றைக்கு யாரிடமாவது சொல்லிப் பாருங்கள்! ஏலக்காய்க்கு அரோமாட்டிக் என்று சொல்லுங்கள். ஸ்பைஸி என்றால் காரம் என்றே பலர் எடுத்துக்கொள்வார்கள், அது மிளகுக்குச் சரி.

அடுத்து 'ஃபுல்', 'லெஸ்'. இது நமக்குப் பழகிய கணக்குதான்: பயனுள்ள, பயனற்ற என்பது போல யூஸ்ஃபுல், யூஸ்லெஸ். எழுதும்போது ஃபுல்லுக்குக் கடைசியில் ஒரே ஒரு 'எல்'. ஆனால் எல்லாச் சொல்லுக்கும் ஜோடி கிடைக்காது. ஹோம்லெஸ் உண்டு, ஹோம்ஃபுல் கிடையாது. கடையில் நிற்கிறவர் முக்கியமாக உஷாராக இருக்க வேண்டியது பிரைஸ்லெஸ் விஷயத்தில். ரேஷன் கடை 'விலையில்லா அரிசி'யை நினைத்துக்கொண்டு, இலவசமாகக் கொடுக்கிற கிராம்புப் பொட்டலத்தைப் பிரைஸ்லெஸ் என்று நீட்டினால், விலைமதிப்பில்லாத பொருள் என்று அவர்கள் பயந்துபோய்க் கையை இழுத்துக்கொள்ளப் போகிறார்கள். ஃப்ரீ என்றாலே போதும். அப்புறம், கூட்டமில்லாமல் உட்கார்ந்து அலுத்துப்போனால் 'ஐ ஆம் போர்ட்'. போரிங் என்றால் நீங்கள்தான் அறுவை என்று ஆகும்.

ஆயிரம் சொல் புத்தகமெல்லாம் வேண்டாம். லோயர் கேம்ப் தாண்டி பஸ் மலை ஏறும்போது, கடையில் புழங்குகிற ஒரு சொல்லை எடுத்து, ஒவ்வொரு வாலாக ஒட்டிப் பாருங்கள். ஒட்டியது சரியா என்று ராத்திரி அகராதியில் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு பார்த்துக்கொள்ளுங்கள். நாளைக்கு டேஸ்ட்டில் ஆரம்பிக்கலாம். டேஸ்டி ருசியானது, டேஸ்ட்லெஸ் சப்பென்று இருப்பது, சரி. டேஸ்ட்ஃபுல் என்று மட்டும் ஏலக்காய் டீயைச் சொல்லிவிடாதீர்கள், அது ரசனையாக அடுக்கி வைத்த உங்கள் கடை ஷெல்ஃபுக்குச் சொல்வது.