ஒரு ட்ரோன், இரண்டு கமராக்கள்: மஞ்சள் வயர்களை ஒன்றாக முறுக்க வேண்டாம்

நிலாவெளி வாசகர் ஒருவர், ஐந்து அங்குல விசிறிகள் பூட்டிய தமது ட்ரோனில் முன்கமராவோடு கீழ்நோக்கிய கமரா ஒன்றையும் பொருத்தியுள்ளார். கரைவலை வளைக்குமுன் மீன்கூட்டம் நிற்கும் இடத்தைப் பார்த்துச் சொல்வதே அவரது நோக்கம். இரு கமராக்களின் மஞ்சள் வயர்களையும் (படச் சிக்னல் செல்லும் வயர்கள்) சேர்த்து, படத்தைத் தரைக்கு அனுப்பும் வீடியோ டிரான்ஸ்மிட்டரில் பற்றவைத்தபின் படம் உருண்டு கிழிகிறது என்றும், இரண்டாவது டிரான்ஸ்மிட்டர் வாங்கினால் தீருமா என்றும் கேட்கிறார்.

இரண்டாவது டிரான்ஸ்மிட்டர் தேவையில்லை. அனலொக் கமரா படத்தின் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஓர் ஒத்திசைவுத் துடிப்பை அனுப்புகிறது. பால் (PAL) எனும் வீடியோ முறையில் 64 மைக்ரோ செக்கனுக்கு ஒருமுறை அது வரும். இரு கமராக்களும் தத்தம் கடிகாரத்தின்படி இயங்குவதால், ஒரே வயரில் இரண்டு துடிப்புகளும் கலந்து வரும்போது வரி எங்கே தொடங்குகிறது என்பதைத் திரையால் கண்டுகொள்ள முடிவதில்லை. கமராவில் பழுதில்லை, ஒரு நேரத்தில் ஒரு கமராவின் சிக்னல் மட்டும் செல்ல வழி செய்தால் போதும்.

ட்ரோனை இயக்கும் பலகையான உங்கள் ஃப்ளைட் கொன்ட்ரோலரில் இரண்டு கமரா உள்ளீடுகள் இருந்தால், அதன் மென்பொருளான பீட்டாஃப்ளைட்டின் மோட்ஸ் பக்கத்தில், பலகையைப் பொறுத்து யூசர் 1 அல்லது யூசர் 2 என்பதை ரிமோட்டின் ஒரு சுவிட்சுக்குக் கொடுத்துவிடலாம். இல்லையென்றால், நகத்தளவே உள்ள வீடியோ சுவிட்ச் பலகை ஒன்றைச் சேர்க்க வேண்டும். அது பெரும்பாலும் சேர்வோ சிக்னலுக்கே (சிறு மோட்டார்களை இயக்கும் துடிப்புச் சிக்னல்) கட்டுப்படும் என்பதால், உங்கள் ரிசீவர் ஒரே வயரில் எல்லாச் சேனல்களையும் அனுப்பும் வகையானால், கொன்ட்ரோலரின் வெறுமையான ஓர் இணைப்புப் பின்னிலிருந்து (pin) அந்தச் சிக்னலை எடுக்க நேரும். பலகையை, படத்தின்மேல் எண்களை எழுதும் ஓ.எஸ்.டி. பகுதிக்கு முன்னால் வையுங்கள்; பின்னால் வைத்தால், கீழ்க்கமராவைப் பார்க்கும் நேரத்தில் பற்றரி வோல்ட் எண் திரையில் இராது, கடலுக்கு மேலே அது ஆபத்து. இரு கமராக்களும் பால் அல்லது என்டிஎஸ்சி (NTSC) என ஒரே முறையில் இருக்க வேண்டும். அப்படியிருந்தும் மாற்றும் கணத்தில் படம் ஒருமுறை துள்ளும். ஆகவே படகுக்கு அருகில் தாழப் பறக்கும்போது மாற்றாதீர்கள். ரிமோட் தொடர்பு அறுந்தால் முன்கமராவே வரும்படி ஃபெயில்சேஃபையும் அமைத்துவிடுங்கள்.

இரண்டு டிரான்ஸ்மிட்டர்களை நான் பரிந்துரைக்காததற்குக் காரணம், எடையும் சூடும் மட்டுமல்ல. ரேஸ்பேண்ட் எனும் ட்ரோன் வீடியோ அலைவரிசைத் தொகுப்பில் ஒன்றுக்கொன்று மிகத் தள்ளியிருக்கும் 5658, 5917 மெகாஹெர்ட்ஸ் இரண்டுமே, பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்ட 5725 முதல் 5875 வரையான எல்லைக்கு வெளியே விழுகின்றன. எல்லைக்குள் நெருக்கி வைத்தாலோ, ஒரே சட்டத்தில் ஒரு சாண் தூரத்தில் நிற்கும் இரண்டு அன்ரெனாக்களும் ஒன்றையொன்று குழப்பும்.

இனி, மீனைக் காண்பதைப் பற்றி. கமராவை நேர் செங்குத்தாகக் கீழே பார்க்க வைத்து, அதன்முன் போலரைசிங் ஃபில்டர் மாட்டினால் பயன் மிகக் குறைவு. நீரில் தெறிக்கும் ஒளியை அந்த ஃபில்டர் மிக நன்றாக வெட்டுவது, செங்குத்திலிருந்து ஏறத்தாழ 53 பாகை சாய்வில்தான். கமராவைக் கிடைமட்டத்திலிருந்து 35 முதல் 40 பாகைவரை கீழ்நோக்கிச் சாய்த்துப் பொருத்தி, ஃபில்டரைத் திருகித் திருகி வெள்ளை மினுக்கம் அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். நமது கிழக்குக் கரையில் காலைச் சூரியன் கடற்பக்கம் இருப்பதால், ட்ரோனைக் கடலுக்குமேல் கொண்டுசென்று முகத்தைக் கரைக்குத் திருப்பினால், வெயில் முதுகுப்பக்கம் போய்விடும். மீன்கூட்டம் அப்போது மணல்நிறத்தின்மேல் நகரும் கருநிழலாகத் தெரியும்.

உப்புக்காற்றை மறக்க வேண்டாம். உப்புவெளியில் பறந்த என் ட்ரோன் ஒன்றில், கமரா இணைப்பியின் ஊசிகள் சில வாரங்களிலேயே பச்சைக் களிம்பு பிடித்துப் படம் விட்டுவிட்டு வரத் தொடங்கியது. பற்றவைத்து முடித்ததும் பலகைகளுக்குப் பாதுகாப்புப் பூச்சுப் பூசுங்கள். கமராவின் லென்சுக்கும் இணைப்பிக்கும் அது படக்கூடாது. கச்சான் காற்று பலமாக அடிக்கும் மாதங்களில், திரும்பிவரும் வழிக்கான பற்றரியையும் கணக்கில் வையுங்கள். அது கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும் காற்று.

பறக்குமுன் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதியும், டிரான்ஸ்மிட்டருக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதியும் கையில் இருக்கட்டும். திருகோணமலையில் கடற்படைத் தளமும் சீனக்குடா விமானப்படைத் தளமும் இருப்பதால், பறக்கும் இடத்தையும் விண்ணப்பத்திலேயே தெளிவாகக் குறிப்பிடுங்கள். உங்கள் கரைக்கு நேரெதிரே இருக்கும் புறாத்தீவு தேசியப் பூங்கா என்பதால், அதற்குமேல் பறக்க எண்ணினால் வனசீவராசிகள் திணைக்களத்திடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.