மனு முடிந்ததாம், விசாரணை நடக்கிறதாம்: காவல் நிலையக் கோப்பைக் கேட்டுப் பெறுவது எப்படி?

கேள்வி: பாதைத் தகராறில் பக்கத்து வீட்டுக்காரர் என் கணவரை இரும்புக் கம்பியால் அடித்தார். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) போடாமல், புகார் வந்ததைக் காட்டும் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் தந்தார்கள். முதல்வர் தனிப்பிரிவுக்கு எழுதியதற்கு, "மனு விசாரித்து முடிக்கப்பட்டது" என்று பதில் வந்தது. ஆர்.டி.ஐ.யில் (தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில்) புகார்க் கோப்பின் நகல் கேட்டேன். "விசாரணை நிலுவையில் உள்ளதால் பிரிவு 8(1)(எச்)-படி தர இயலாது" என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். பதில் வந்து 12 நாள் ஆகிறது. இனி என்ன செய்வது?

பதில்: அந்த இரண்டு கடிதங்களையும் பத்திரமாக வையுங்கள். ஒன்று முடிந்தது என்கிறது, மற்றது நடக்கிறது என்கிறது. இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. உங்கள் மேல்முறையீட்டின் முதல் பத்தியே இதுதான்.

நிலுவையே உண்மை என்று வைத்துக்கொண்டாலும் மறுப்பு நிற்காது. நகல் தந்தால் புலன்விசாரணைக்கோ, கைதுக்கோ, வழக்கு நடத்துவதற்கோ தடை ஏற்படும் என்றால்தான் 8(1)(எச்) பொருந்தும். விசாரணை நிலுவையில் இருப்பது மட்டுமே காரணமாகாது, எப்படித் தடை வரும் என்று சொல்ல வேண்டும் என 2007-ல் பகத் சிங் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுப்பு சரி என்று நிரூபிக்கும் பொறுப்பும் பிரிவு 19(5)-படி, ஆர்.டி.ஐ. மனுவுக்குப் பதில் தரும் பொதுத் தகவல் அலுவலருடையது. தவிர, எஃப்.ஐ.ஆர். இல்லாத சி.எஸ்.ஆர். விசாரணையைப் புலன்விசாரணை என்பதே கேள்விக்குரியது. அதையும் எழுதுங்கள்.

இதைவிட வலுவான ஆயுதம் லலிதா குமாரி வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தந்த தீர்ப்பு. முதற்கட்ட விசாரணைக்குப் பின் புகாரை முடித்தால், அந்தப் பதிவின் நகலைச் சுருக்கமான காரணத்துடன் ஒரு வாரத்துக்குள் புகார்தாரருக்குத் தர வேண்டும். பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் எதுவானாலும் நிலையப் பொது நாட்குறிப்பில் ஏற வேண்டும். ஆர்.டி.ஐ. போடாமலே உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டிய காகிதம், அந்த முடித்த பதிவின் நகல்.

முதல் மேல்முறையீட்டுக்கு, பதில் கிடைத்த நாளிலிருந்து 30 நாள்தான் கெடு. உங்களுக்கு இன்னும் 18 நாள் இருக்கிறது. கட்டணம் கிடையாது. மறுப்புக் கடிதத்திலேயே மேல்முறையீட்டு அலுவலர் யார், கெடு எவ்வளவு என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் அது பிரிவு 7(8)-ஐ மீறிய பதில் என்று ஒரு வரி சேருங்கள். விண்ணப்பம், மறுப்பு, தனிப்பிரிவுப் பதில், சி.எஸ்.ஆர். நகல்களை இணைத்து அஞ்சலில் அனுப்பி, ரசீதையும் டெலிவரி விவர அச்சையும் கோப்பில் வையுங்கள். பல மேல்முறையீடுகள் சட்டத்தில் தோற்பதில்லை, அனுப்பியதற்குச் சாட்சி இல்லாமல்தான் தோற்கின்றன. 30 நாளில், அதிகபட்சம் 45 நாளில் முடிவு வர வேண்டும். வராவிட்டாலோ மறுத்தாலோ, 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. அங்கே காத்திருப்பு நீளும்.

அதனால் காத்திருக்கும் நேரத்தில் இன்னொரு விண்ணப்பமும் போடுங்கள். உங்கள் பழைய விண்ணப்பத்தில் "என் மனு ஏன் முடிக்கப்பட்டது?" என்று கேட்டிருந்தால் அது தவறான கேள்வி. ஏடுகளில் இருப்பதைத்தான் தருவார்கள், விளக்கம் எழுதித் தர மாட்டார்கள். இப்படிக் கேளுங்கள்: "சி.எஸ்.ஆர். எண் இன்னது, தேதி இன்னது. (1) அதை முடித்த பதிவின் நகல். (2) விசாரணை அலுவலரின் அறிக்கை நகல். (3) புகார் கொடுத்த நாளின் பொது நாட்குறிப்பில் இது பற்றிய பதிவின் நகல். (4) நானும் என் கணவரும் கொடுத்த வாக்குமூல நகல்." எதிர்த்தரப்பு வாக்குமூலத்தை இதில் கலக்காதீர்கள். அது மூன்றாம் தரப்புத் தகவல்; அவர் கருத்தைக் கேட்கும் பிரிவு 11 அறிவிப்பு, தனிநபர் தகவலுக்கான 8(1)(ஜே) விலக்கு என்று முழு மனுவையும் இழுத்துப் போடும். தனி மனுவாகக் கேட்டு, மறைக்க வேண்டியதை மறைத்து மீதியைப் பிரிவு 10-படி தரச் சொல்லலாம்.

மாவட்டக் காவல் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்புங்கள். தமிழ்நாடு 1997-லேயே தனக்கென ஒரு தகவல் சட்டம் போட்ட மாநிலம். இன்று 2005-ன் மத்தியச் சட்டமே நடக்கிறது, கட்டண விதிதான் மாநிலத்துடையது. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாள் தாண்டிக் கொடுத்தால் அந்தக் கட்டணமும் இல்லை.

நீங்கள் நிலையத்துக்குப் போன நாளின் கேமரா பதிவு வேண்டுமா? பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் நிலையக் கேமரா பதிவுகளை 18 மாதம் வைக்கச் சொன்னது. வசதி இல்லாத இடத்திலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. அழியாமல் பாதுகாக்கச் சொல்லி எஸ்.பி.க்கு (மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு) இப்போதே தனிக் கடிதம் எழுதுங்கள்.

ஒன்று மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆர்.டி.ஐ. காகிதம் தரும், எஃப்.ஐ.ஆர். போடாது. அதற்குப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். பிரிவு 173(4)-படி எஸ்.பி.க்கு எழுதி, பலனில்லை என்றால் பிரமாண வாக்குமூலத்துடன் 175(3)-ன் கீழ் நீதித்துறை நடுவரிடம் போக வேண்டும். முடித்த பதிவின் நகல் அங்கே பெரிதும் உதவும், ஆனால் அது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சிகிச்சை எடுத்த மருத்துவமனையின் காயச் சான்றை முதலில் வாங்குங்கள்.