கடை, அலுவலகம், வீடு எல்லாம் சேர்ந்த வளாகம் வருகிறது. "போக்குவரத்துப் பாதிப்பு இல்லை" என்ற அறிக்கையை நம்பலாமா?

கேள்வி இதுதான்: பக்கத்தில் ஒரு பெரிய கலப்புப் பயன்பாட்டு வளாகம் வரப்போகிறது. அதற்கான போக்குவரத்து அறிக்கை "குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை" என்று முடிகிறது. எதைப் பார்த்து முடிவு செய்வது?

முடிவுரையை இப்போதைக்கு மூடி வையுங்கள். இந்த மாதிரி அறிக்கைகள் தயாரிக்கிற இடத்தில் சில வருடம் வேலை பார்த்தவன் நான். அங்கே பச்சைப் பொய் எழுதி நான் பார்த்ததில்லை. கூட்டலில் பெரிதாக யாரும் விளையாட முடியாது, கழித்தலில்தான் எல்லாச் சாமர்த்தியமும்.

முதலில் கூட்டல். ஏற்கெனவே இயங்கும் அதே வகைக் கட்டடங்களின் வாசலில் எண்ணி, இத்தனை வீட்டுக்கு, இத்தனை சதுர அடிக் கடைக்கு உச்ச நேரத்தில் இத்தனை பயணம் என்று விகிதம் எடுப்பார்கள். அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியாளர் அமைப்பான ஐடிஇ தொகுத்த கையேட்டின் விகிதங்கள் பல நாடுகளில் எடுத்தாளப்படுகின்றன. அதிலுள்ள பழைய எண்ணிக்கைகளில் பெரும்பாலானவை கார் இல்லாமல் நகர முடியாத புறநகர்களில் எடுத்தவை. உங்கள் இடம் அப்படிப்பட்டதா, இல்லையென்றால் பக்கத்திலுள்ள ஒரு வளாகத்தில் எண்ணிச் சரிபார்த்தார்களா என்று பாருங்கள். இன்னொன்று, இந்தக் கணக்கில் பயணம் என்றால் ஒரு திசை. ஒருவர் வந்து திரும்பினால் 2.

சரி, விளக்கத்துக்காக மொத்தம் 1,000 பயணம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது கழிவு ஆரம்பிக்கும். மேல் மாடியில் குடியிருப்பவர் கீழே கடைக்கு இறங்கினால் ரோட்டுக்கே வரமாட்டார், அதனால் 20 சதவீதம் கழி. பஸ்ஸிலும் ரயிலிலும் வருவார்கள், இன்னொரு 20. ஏற்கெனவே அந்த வழியாகப் போகிறவர்தான் கடைக்குத் திரும்புகிறார், புதிய வண்டி இல்லை, மறுபடி 20. ஒன்றன்மேல் ஒன்றாகக் கழித்தால் மிச்சம் 512. மூன்று வாதமும் தனித்தனியாக நியாயமானவைதான். ஆனால் மூன்றும் சேர்ந்து பாதி வளாகத்தையே காணாமல் ஆக்கிவிட்டன.

இதில் முதல் கழிவைத்தான் நான் கிளறிப் பார்ப்பேன். உள்ளுக்குள்ளேயே முடியும் பயணத்துக்கு இரண்டு முனை உண்டு. காலையில் வீடுகளிலிருந்து 50 பேர் அதே வளாகத்து அலுவலகங்களுக்கு நடக்கிறார்கள் என்றால், அலுவலகப் பக்கக் கணக்கிலும் அந்த 50 பேர் வந்து சேர வேண்டும். எந்தப் பக்கம் சிறியதோ அதற்கு மேல் போக முடியாது. அறிக்கையில் இரு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று ஒரு கால்குலேட்டரை வைத்தே பார்த்துவிடலாம். அப்புறம், கட்டுமானம் கட்டம் கட்டமாக நடக்குமா? வீடுகள் முதலில் விற்றுவிடும், கடைகள் பிறகு என்றால், நடந்து போவதற்குக் கீழே கடையே இல்லாத காலத்துக்கும் அந்த 20 சதவீதத்தைக் கழித்திருக்கக் கூடாது.

மூன்றாவது கழிவில் ஒரு பழைய தவறு உண்டு. போகிற வழியில் திரும்பி உள்ளே வருகிறவர் ரோட்டுக்குப் புதியவர் இல்லை, வாசலுக்குப் புதியவர்தான். வாசலில் வேகம் குறைப்பார், எதிர்வரிசையைக் கடந்து திரும்பக் காத்து நிற்பார், பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். வாசலுக்கான கணக்கிலும் இவரைக் கழித்திருந்தால் அது பிழை.

கழித்தது போக மிஞ்சும் வண்டிகள் "வெறும் 5 சதவீதம் கூடுதல்" என்று அறிக்கை சொல்லலாம். 5 சதவீதம் சிறிதா பெரிதா என்பது ரோடு ஏற்கெனவே எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. மிக எளிய வரிசைக் கணக்கில், கொள்ளளவில் 90 சதவீதம் நிரம்பிய இடத்தில் காலியாக இருக்கும்போது ஆவதைப்போல 10 மடங்கு நேரம் ஆகும். 95 சதவீதத்தில் 20 மடங்கு. நிஜச் சிக்னல் இவ்வளவு சுத்தமாக நடந்துகொள்ளாது, ஆனாலும் வளைவின் போக்கு இதுதான்.

தரக் குறியீட்டு அட்டவணையும் கண்ணைக் கட்டும். சாலைக் கொள்ளளவுக்கென்று உள்ள இன்னொரு அமெரிக்கக் கையேட்டின் முறையில் சிக்னல் சந்திப்புக்கு ஏ முதல் எஃப் வரை தரம் உண்டு. சராசரிக் காத்திருப்பு 80 விநாடியைத் தாண்டினால் எஃப். இன்று 90 விநாடி, வளாகம் வந்த பிறகு 150 விநாடி என்றால் அட்டவணையில் "எஃப், எஃப்" என்றுதான் இருக்கும். மாற்றமில்லையாம்! அதனால் எழுத்தை விட்டுவிட்டு விநாடியைப் பாருங்கள். சராசரிக்குள் ஒளிந்திருக்கும் திரும்பும் தடத்தைத் தனியாகப் பாருங்கள். அங்கே வரிசை அடுத்த சந்திப்பு வரை நீளுமா என்பதுதான் தினமும் அந்த வழியாகப் போகிறவருக்கு முக்கியம்.

வளாகத்துக்குச் சாதகமான ஒன்றையும் சொல்ல வேண்டும். காலையில் வீட்டு வண்டிகள் வெளியே போகும்போது அலுவலக வண்டிகள் உள்ளே வரும். எதிரெதிர் திசை என்பதால் தடங்கள் சமமாகப் பயன்படும். அதே அளவு வெறும் அலுவலகக் கட்டடம் வந்தால் இதைவிட மோசமாக இருக்கலாம். கலப்புப் பயன்பாட்டை நான் எதிர்க்கிறவன் இல்லை.

கடைசியாக, பின்னிணைப்பில் வண்டி எண்ணிய தேதி இருக்கும். ஒருமுறை நானே நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணிய சந்திப்பு ஒன்று. பக்கத்தில் இரண்டு பள்ளிகள், எண்ணிய நாளோ விடுமுறை. மேலதிகாரிகளிடம் சொன்னேன், "அட்டவணைப்படிதான்" என்றார்கள். தேதியும் அறிக்கையில் ஒழுங்காக அச்சாகியிருந்தது. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் பேசினார்கள், அந்தத் தேதியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.